இரண்டாயிரம் வரை எண்ணுதல்

வின்னிபெக்கில் இரவு இரண்டு மணி, மைனஸ் முப்பத்து நான்கு.
போர்ட்டேஜ் அவென்யூவில் ஒரு கார் வழுக்கி
விளக்குக் கம்பத்தில் மோதியிருக்கிறது.
என்னிடம் வந்து சேர்ந்ததோ
ஊதா மூடியிட்ட ஒரு குழாய் மட்டும்.
பெயர் கோவாச். முப்பத்தோராம் வாரம். ஓ நெகட்டிவ்.
வயிற்றில் அடி.
கேள்வி ஒன்றுதான்:
பிள்ளையின் இரத்தம் தாயின் இரத்தத்துக்குள் கசிந்ததா,
கசிந்திருந்தால் எவ்வளவு?

கண்ணாடித் தகட்டில் ஒரு துளியை இழுத்து உலர்த்துகிறேன்,
அமிலத்தில் முக்குகிறேன்.
பெரியவர்களின் ஹீமோகுளோபின்
அமிலம் பட்டதும் கரைந்து வெளியேறிவிடும்.
மிஞ்சும் வெற்றுத் தோலுக்குப் 'பேய்' என்று பெயர்,
பாடப்புத்தகத்திலேயே.
கருவின் ஹீமோகுளோபின் அசையாது.
சாயம் ஏற்றினால்
பேய்களின் நடுவே ரோஜா நிறத்தில் உட்கார்ந்திருக்கும்.

பிடிவாதம்தான் அதன் பிழைப்பு.
நஞ்சின் சுவரைத் தாண்டி வரும் ஆக்சிஜன்
இமயத்தின் உச்சியில் நிற்பவனுக்குக் கிடைக்கும் அளவுதான்.
பெரியவர்களின் ஹீமோகுளோபினில்
நடுக்குழிக்குள் ஒரு சிறு மூலக்கூறு ஆப்பாய் நுழைந்து
விடு, விடு என்று விரல்களைப் பிரிக்கும்.
கருவினுடையதில் இரண்டு சங்கிலிகள் வேறு.
ஆப்பு சரியாகப் பொருந்தாது.
தாயின் கை நழுவவிடுவதைப்
பிள்ளையின் கை எட்டிப் பிடித்துக்கொள்ளும்.

பிறந்தபின் அதே இறுக்கம் கஞ்சத்தனம்.
மஜ்ஜைக்கு அது தெரியும்.
பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே அச்சை மாற்றத் தொடங்கி
ஆறு மாதத்தில் ஏறக்குறைய முடித்துவிடும்.

முதலில் ஒப்பீட்டுத் தகடு.
ஷிஃப்ட் தொடங்கும்போது மாரிடெஸ் என் கையில் குத்தி எடுத்ததில்
ஒரு சொட்டுத் தொப்புள்கொடி இரத்தம் கலந்தது.
பேய்கள் எல்லாம் நான்.
ரோஜாக்கள், நேற்று மாலை பிறந்து
ஐந்தாம் மாடியில் தூங்கும் யாரோ.
தேர்வு சரி.

இனி அவள் தகடு.
இடது விரல் பேய்க்கு, வலது விரல் ரோஜாவுக்கு.
டிக். டிக்.
அறுநூற்றில் ஒன்று.
இன்னொன்றையும் ரோஜா என்றே நினைத்தேன்,
உட்கரு தெரிந்தது. வெள்ளையணு. சேர்க்கவில்லை.
தொலைபேசி: முடிந்ததா?
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
எங்கே விட்டேன்?
ஆயிரத்து நூறில் இரண்டு.
ஆயிரத்து நானூறு வரை வெறும் பேய்கள்,
வண்டிகள் போய்விட்ட வாகன நிறுத்தம்போல.
மூன்று.
கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன்.
நான்கு.

இரண்டாயிரத்தில் நான்கு.
கணக்குப் போட்டால் பத்து மில்லி,
இரண்டு தேக்கரண்டி இருமல் மருந்து அளவு.
ஓர் ஊசி போதும்.
தாயின் உடல் அந்நியர் என்று கண்டுகொள்வதற்குள்
அவை சத்தமில்லாமல் துடைக்கப்பட்டுவிடும்.
வார்டுக்குச் சொல்கிறேன்.
"இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது" என்றது அந்தப் பக்கத்துக் குரல்,
நான் கேட்காமலே.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது.
அந்த நான்கும்
தாயின் இதயத்துக்குள் புகுந்து
அவள் நுரையீரல்வரை போயிருக்கும்.
தங்கள் சொந்தக்காரருக்கு முன்பே
காற்றைத் தொட்டுவிட்டவை.
ஆம்புலன்சின் கதவு திறந்தபோது அவள் இழுத்த மூச்சில்
இந்த ஊரின் குளிரும் இருந்திருக்கும்.
வாழ்நாளில் கண்டிராத அளவு அள்ளிக்கொண்டு,
விடத் தெரியாமல்,
திரும்பும் வழியும் இல்லாமல்
சுற்றிச் சுற்றி வந்தவை
என் ஊசி நுனியில் ஏறியிருக்கின்றன.

ஏழரைக்கு வெளியே வந்தோம்.
மூக்கின் மயிர் உறைகிறது.
காரின் ஹீட்டர் கம்பியைச் செருகியிலிருந்து பிடுங்கி
வட்டமாகச் சுருட்டினேன், பாம்பாய் விறைத்திருந்தது.
இரவெல்லாம் எத்தனை எண்ணினாய் என்றாள் மாரிடெஸ்.
நான்கு என்றேன்.